பெண்களின் நட்பு தாலியோடு முடிந்துவிடுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு அன்று நீங்கள் வெளியிட்ட நண்பர்கள் தினச் சிறப்புப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். கல்லூரி நண்பர்கள், சேர்ந்து தொழில் தொடங்கியவர்கள், வருடக்கணக்காக ஒரே கடையில் டீ குடிப்பவர்கள் என்று எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. ஆனால் பக்கம் முழுக்க ஆண்கள். பெண்களைப் பற்றி ஒரே ஒரு பெட்டிச் செய்தி, அதிலும் பெண்களின் நட்பு தாலி ஏறியதும் முடிந்துவிடும், ஆண்களின் நட்புதான் கடைசி வரை வரும் என்ற பழைய பல்லவி. இதை என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன், அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன், கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்டிருக்கிறேன், இப்போது காசு கொடுத்து வாங்கிய பேப்பரிலும் படிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டது. வெட்டுவதானால் வெட்டிக்கொள்ளுங்கள், டீக்கடைப் பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள்.

நான் திருச்சிக்காரி. தொலைபேசித் துறையில் ஆபரேட்டராகச் சேர்ந்து, டிரங்க் கால் போர்டில் இரவுப் பணி பார்த்து, பி.எஸ்.என்.எல். ஆன பிறகு பில்லிங் பிரிவுக்கு மாறி, 2020-இல் விருப்ப ஓய்வில் வந்தவள். அடுத்தவர்கள் பேசுவதற்கு லைன் போட்டுக் கொடுத்தே பாதி ஆயுள் போயிற்று. அதனால் யார் யாரோடு பேசுகிறார்கள், எதற்காகப் பேசுகிறார்கள், எப்போது பேச்சை நிறுத்துகிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆர்வம் அதிகம்.

முதலில் அந்தத் தாலிக் கணக்கைப் பார்ப்போம். கல்யாணம் ஆனதும் ஊர் மாறுவது யார்? மாப்பிள்ளை அதே தெருவில், அதே வீட்டில், அதே டீக்கடைக்குப் பக்கத்தில் இருக்கிறார். பெண்தான் திருச்சியிலிருந்து திருப்பூருக்கோ தென்காசிக்கோ போகிறாள். வீடு புதிது, மனிதர்கள் புதிது, சமையலில் போடும் புளியின் அளவுகூடப் புதிது. பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்து மாறுகிறது, போன் நம்பர் மாறுகிறது. என் பள்ளித் தோழிகளைத் தேடி முகநூலில் எத்தனை இரவுகள் உட்கார்ந்திருக்கிறேன் தெரியுமா, அப்பாவின் இனிஷியலோடு தேடினால் ஒருத்தியும் கிடைக்கமாட்டாள், கணவர் பெயர் என்ன என்று தெரிந்தால்தான் கிடைப்பாள், அது தெரியாததால்தானே தேடுகிறேன். எங்கள் பள்ளியில் படித்த ஆண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பழைய மாணவர் சந்திப்பு என்றால் ஒரே வாரத்தில் வாட்ஸ்அப் குழு தொடங்கி, பாதி வகுப்பைச் சேர்த்துவிட்டார்கள், சேர்ந்தவர்களில் பெண்கள் ஏழெட்டுப் பேர். மற்றவர்கள் எங்கே என்று கேட்டால், பெண்கள் எல்லாம் டச்சிலேயே இல்லைம்மா என்று பதில்.

இருபத்து மூன்று வயதில் ஓர் ஆணைப் பிடித்து, முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்துக்கு நடுவில் விட்டு, காலை ஐந்து மணிக்கு எழுந்திரு, வெளியே போகும்போது சொல்லிவிட்டுப் போ, யாரோடு இவ்வளவு நேரம் போனில் பேசினாய் என்றெல்லாம் கேட்டால் அவருக்கு எத்தனை நண்பர்கள் மிஞ்சுவார்கள்? துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போன ஆண்களைப் பாருங்கள். அங்கே ரூமில் இருப்பவர்களோடு ஒட்டிக்கொள்கிறார்கள், ஊர் நண்பர்களோடு தொடர்பு மெல்ல மெல்லக் குறைந்து தீபாவளி வாழ்த்துப் படத்தோடு நின்றுவிடுகிறது. அதற்காக ஆண்களின் நட்பு விசாவோடு முடிந்துவிடும் என்று யாரும் பெட்டிச் செய்தி போடுவதில்லை.

அடுத்தது நேரம். அமெரிக்காவில் கேன்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் என்பவர் 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். முன்பின் தெரியாதவர் சாதாரண நண்பராக மாறவே ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து இருக்க வேண்டும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் வேண்டும் என்கிறார். வேலையாகச் சேர்ந்து இருக்கும் நேரம் அவ்வளவாகக் கணக்கில் வராது, சும்மா சேர்ந்து பொழுதுபோக்கும் நேரம்தான் கணக்கு. சரி, இதை நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பாருங்கள். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் டீக்கடையில் நிற்பவருக்கு ஏழு மாதத்தில் 200 மணி நேரம் தானாகச் சேர்ந்துவிடும். அவர் அதற்கென்று எதுவும் செய்ய வேண்டியதில்லை, டீக்குக் காசு கொடுத்தால் போதும். அதே தெருவுக்குப் புதிதாக வந்த மருமகளுக்கு அந்த 200 மணி எங்கிருந்து வரும்? மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2024-இல் நடந்தது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். அதுவும் இந்தச் சராசரி வீட்டு வேலை செய்கிற ஆண்களுக்கு மட்டுமான சராசரி, துடைப்பத்தையே தொடாதவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். வித்தியாசம் 201 நிமிடம், மூன்று மணி நேரத்துக்கும் மேல். எங்கள் நட்பு எங்கே போயிற்று என்று கேட்பவர்கள் சிங்க்கில் கிடக்கும் பாத்திரத்தைப் போய்ப் பார்க்கலாம்.

நேரம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள், எங்கே போய் உட்காருவது? டீக்கடை பெஞ்சில் ஆண் உட்கார எந்தக் காரணமும் தேவையில்லை. மழைக்கு ஒதுங்கலாம், பேப்பர் படிக்கலாம், ஒன்றும் செய்யாமல் சாலையையே பார்த்துக்கொண்டிருக்கலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். டீக்கடை போனால் சலூன், சலூன் போனால் மன்றம், மன்றம் போனால் பாலத்துக் கட்டைச்சுவர். இரண்டு பெண்கள் அப்படிச் சாலையோரம் அரை மணி நேரம் சும்மா நின்று பார்க்கட்டும், யாரையோ எதிர்பார்த்து நிற்கிறார்கள் என்று முதல் பத்து நிமிடத்தில் பேச்சு கிளம்பிவிடும். பெண்கள் கூடுகிற இடங்கள் இல்லாமல் இல்லை, ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு வேலை ஒட்டிக்கொண்டிருக்கும். குழாயடியில் குடம், ரேஷன் கடையில் பை, பள்ளிக்கூட வாசலில் பிள்ளையின் டிபன் பாக்ஸ், கோயிலில் விளக்கு, நூறு நாள் வேலையில் மண்வெட்டி. கையில் எதுவும் இல்லாமல் சும்மா வந்தேன் என்று சொல்லும் சுதந்திரம் மட்டும் எங்களுக்கு இல்லை.

இது நம் ஊருக்கு மட்டுமான கதையும் இல்லை. பாகிஸ்தானில் கராச்சியில் 2015-இல் சில இளம் பெண்கள் சாலையோர டீக்கடைகளில் போய் உட்கார்ந்து டீ குடித்துப் படம் எடுத்துப் போட ஆரம்பித்தார்கள், கேர்ள்ஸ் அட் தாபாஸ் என்று பெயர் வைத்தார்கள். ஒரு டீ குடிப்பதற்கே ஓர் இயக்கம் தேவைப்பட்டிருக்கிறது!

இப்படிக் கெடுபிடி உள்ள இடத்திலும் பெண்கள் சும்மா இருந்துவிடவில்லை. தருமபுரியில் 1989-இல் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் கடனுக்காகவும் சேமிப்புக்காகவும் வந்தவை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தக் குழுக் கூட்டம் பெண்களுக்கு என்ன கொடுத்தது என்று அதில் இருந்த எந்தப் பெண்ணையாவது கேட்டுப் பாருங்கள். என் நாத்தனார் இருக்கும் கிராமத்தில் கூட்டம் முடிந்து கணக்கு நோட்டை மூடிய பிறகுதான் உண்மையான கூட்டமே ஆரம்பிக்கும். யார் வீட்டில் அடி விழுகிறது, யாருக்குக் கர்ப்பப்பை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், யார் மகள் படிப்பை நிறுத்தப் போகிறார்கள் என்று எல்லாம் அங்கேதான் வெளியே வரும். கூட்டத்துக்குப் போகிறேன் என்றால் மாமியாரும் தடுக்க முடியாது, கணவரும் தடுக்க முடியாது, ஏனென்றால் கடன் வர வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகு எனக்குத் தெரிந்து நடந்த மாற்றம் ஒன்று உண்டு. திருவெறும்பூரில் இருக்கும் என் தோழி இப்போது நினைத்தால் பஸ் ஏறிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுகிறாள். முன்பு பஸ்ஸுக்குக் காசு வேண்டும் என்றால் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும், தோழியைப் பார்க்க என்ற பதில் செல்லாது, மாத்திரை வாங்க என்றால் செல்லும். ஓசி பஸ் என்று கிண்டல் செய்கிறவர்கள் இதை யோசித்திருக்கமாட்டார்கள்.

இனி ஆண்களின் நட்பு. கடைசி வரை வரும் என்கிறீர்களே, அதைப் பற்றி.

2020 ஜனவரி 31 அன்று நாடு முழுவதும் 78,000 பேருக்கு மேல் பி.எஸ்.என்.எல். விருப்ப ஓய்வில் ஒரே நாளில் வெளியே வந்தோம். எங்கள் அலுவலகத்தில் ஆண்களும் பெண்களும் ஒன்றாகத்தான் மாலை போட்டுக்கொண்டு, ஒன்றாகத்தான் அழுதோம். மாதம் ஒரு முறை சந்திப்போம் என்று ஆண்கள்தான் சத்தமாகச் சொன்னார்கள். மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது, டீக்கடைகளும் மூடின. அதற்குப் பிறகு நடந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பெண்கள் நாங்கள் ஒருத்தி விடாமல் போனில் பேசிக்கொண்டே இருந்தோம். சமைத்துக்கொண்டே பேசினோம், துணி மடித்துக்கொண்டே பேசினோம், யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் ஆக்சிஜன் தேவை என்று எல்லாம் தெரிந்திருந்தது. ஆண்கள் குழுவில் காலை வணக்கப் படமும், பென்ஷன் பற்றிய அரசாணையும், யாரோ எழுதிய அரசியல் கட்டுரையும் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் பிரிவில் இரண்டு பேர், சேர்ந்த நாளிலிருந்து ஒரே மேஜையில் சாப்பிட்டவர்கள், ஒருவர் கொண்டுவரும் புளியோதரையை மற்றவர்தான் சாப்பிடுவார், அப்படி ஒரு சிநேகம். அவர்களில் ஒருவருக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. மற்றவருக்கு அது தெரியவந்தது என் மூலமாக. எனக்குத் தெரிந்தது அவருடைய மனைவி சொல்லி. ஏன் சார் அவரிடம் சொல்லவில்லை என்று ஆபரேஷன் ஆனவரிடம் கேட்டேன். அதைப் போய் போன் போட்டு எப்படிம்மா சொல்றது, நேர்ல பார்த்தா சொல்லியிருப்பேன் என்றார்.

அந்த பதிலை நான் நிறைய நாள் யோசித்தேன். நேரில் பார்த்தால் சொல்லியிருப்பார், அதில் பொய் இல்லை. கேன்டீனில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது, இலையைப் பார்த்துக்கொண்டே, நடுவில் ஒரு வாக்கியமாக, டாக்டர் ஏதோ அடைப்புங்கறார்யா என்று சொல்லியிருப்பார். மற்றவரும் பெரிதாக எதுவும் கேட்காமல், ஆபரேஷன் அன்று காலை ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றிருப்பார். இடம் இருந்தால் ஆண்களின் நட்பு நடக்கும், அந்த இடம் போனால் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. போன் எடுப்பதற்கே ஒரு காரணம் வேண்டும். சும்மாதான் கூப்பிட்டேன் என்று ஓர் ஆண் இன்னோர் ஆணுக்கு போன் செய்தால் எதிரில் இருப்பவர் பயந்துவிடுகிறார், பணம் கேட்கப் போகிறாரோ, யாராவது போய்விட்டார்களோ என்று. ஆக, டீக்கடையில் சும்மா நிற்க எங்களுக்கு அனுமதி இல்லை, போனில் சும்மா பேச அவர்களுக்கு அனுமதி இல்லை. இரண்டு தடையையும் போட்டது ஒரே ஊர்தான்.

இன்னொரு விஷயம், இதை ஆண்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள், ஒப்புக்கொண்டால் ஆச்சரியப்படுவேன். அவர்களுடைய பாதி நட்பை நடத்துவது வீட்டில் இருக்கும் பெண்கள். அவர் நண்பரின் மகள் கல்யாணத்துக்கு மொய் எவ்வளவு எழுத வேண்டும் என்று நினைவு வைத்திருப்பது, நண்பரின் அம்மா இறந்த நாளில் போன் செய்யுங்கள் என்று தள்ளிவிடுவது, பொங்கலுக்கு அவர் வீட்டுக்குக் கரும்பு அனுப்புவது எல்லாம் மனைவி. மனைவி போன பிறகு சில ஆண்கள் இரண்டே வருடத்தில் ஒடுங்கிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். சாப்பாட்டுக்கு வழியில்லை என்று மட்டும் நினைக்கிறோம். அவரை நாலு பேரோடு இணைத்து வைத்திருந்த கம்பியும் சேர்ந்துதான் அறுந்துபோகிறது.

அமெரிக்காவில் இதைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். 1990-இல் நெருங்கிய நண்பர் ஒருவர்கூட இல்லை என்று சொன்ன ஆண்கள் 3 சதவீதம், 2021-இல் எடுத்த கணக்கெடுப்பில் 15 சதவீதம். பெண்களிடமும் கூடியிருக்கிறது, 2-லிருந்து 10 ஆகியிருக்கிறது. அது அவர்கள் ஊர், நம் ஊரில் கூட்டுக் குடும்பமும் சாதிசனமும் கோயில் திருவிழாவும் இருக்கின்றன என்று சொல்வீர்கள். இருக்கலாம். ஆனால் சொந்தக்காரர்கள் நூறு பேர் சூழ்ந்திருந்தும் மனதில் இருப்பதைச் சொல்ல ஆள் இல்லாதவர்களை எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இந்த இடத்தில் எல்லாரும் எடுத்துவிடும் ஒரு சூத்திரம் உண்டு. பெண்கள் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசி நட்பு வளர்ப்பார்கள், ஆண்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஏதாவது செய்துகொண்டே நட்பு வளர்ப்பார்கள் என்று. பால் ரைட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1982-இல் எழுதியது. என் மருமகள் உளவியல் படித்தவள், அவள்தான் சொன்னாள். அதே ஆள் அதே கட்டுரையில் இன்னொன்றையும் சொல்லியிருக்கிறார், நட்பு நீண்ட காலம் நீடித்து ஆழமானால் இந்த வித்தியாசம் பெருமளவு குறைந்துவிடும் என்று. முதல் பாதியைப் பிடித்துக்கொண்டவர்கள் இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்கள். பிறகு 2015-இல் சாம் ராபர்ட்ஸ், ராபின் டன்பார் என்ற இருவர், பள்ளிப்படிப்பு முடித்துக் கல்லூரிக்குப் போன பிரிட்டன் மாணவர்களை ஒன்றரை வருடம் கவனித்து, பெண்களின் நட்பு பேச்சால் நிற்கிறது, ஆண்களின் நட்பு சேர்ந்து ஏதாவது செய்வதால் நிற்கிறது என்றார்கள். ஆனால் அவர்கள் பார்த்தது மொத்தம் 30 பேரை. முப்பது பிரிட்டிஷ் பிள்ளைகளை வைத்துப் பாலக்கரையில் நிற்கும் ஆட்டோ டிரைவரையும் உறையூரில் சுருட்டு சுற்றும் அக்காவையும் அளந்துவிட முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

ஏனென்றால் நம் ஊர் ஆண்கள் பேசாதவர்களா? டீக்கடையில் பேசுவதுபோல யாராவது பேச முடியுமா? கட்சி, கிரிக்கெட், மனை விலை, எந்த ஊர் எம்.எல்.ஏ. யாருக்குச் சொந்தம், எல்லாம் பேசுவார்கள். தன் மகன் தன்னோடு பேசி ஆறு மாதம் ஆகிறது என்பதை மட்டும் பேசமாட்டார்கள். பெண்கள் எதுவும் செய்யாமல் உட்கார்ந்து பேசுகிறவர்களா? மொட்டை மாடியில் வடகம் பிழிந்துகொண்டு, சீட்டுப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி பிரசவத்துக்கு இன்னொருத்தி கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டுதான் பழகினோம். எங்களுக்கும் கைவேலை இருந்தது, அதை யாரும் நட்பு என்று எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஆண்களின் நட்பில் எனக்குப் பொறாமை தரும் விஷயங்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நடு ராத்திரி ரத்தம் வேண்டும் என்றால் நாலு பைக்கில் எட்டுப் பேர் வந்து நிற்பார்கள். சாவு வீட்டில் பாடை கட்டுவதிலிருந்து பந்தல்காரருக்குக் காசு கொடுப்பது வரை சொல்லாமலே செய்வார்கள். பத்து வருடம் பேசாமல் இருந்துவிட்டு ஒரு கல்யாணத்தில் பார்த்தால், நேற்று விட்ட இடத்திலிருந்து பேசுவார்கள், ஏன் போன் பண்ணவில்லை என்ற கணக்கு வழக்கு கிடையாது. எங்களிடம் அந்தக் கணக்கு உண்டு. அவள் மகள் சடங்குக்கு எனக்கு முதலில் சொல்லவில்லை, இவள் என் ஆபரேஷனுக்கு மூன்றாம் நாள்தான் வந்தாள் என்று மனதில் குறித்து வைத்து, பேச்சை நிறுத்தி, நிறுத்தியதற்குக் காரணமும் சொல்லாமல் வருடக்கணக்கில் இழுக்கிற நட்புகள் எனக்கே இருக்கின்றன. நெருங்கிப் பேசுகிற இடத்தில் காயமும் அதிகம். பண உதவியிலும் ஆண்கள் சுலபமாகக் கைமாற்று கொடுத்துக்கொள்வார்கள், பெண்களிடம் கையில் காசு இருக்காது, அதனால் கழுத்தில் இருப்பதைக் கழற்றிக் கொடுப்போம். தோழியின் மகன் கல்லூரிக் கட்டணத்துக்குத் தன் சங்கிலியை அடகுக் கடைக்கு அனுப்பிவிட்டு, கணவர் கேட்டால் பாலீஷ் போடக் கொடுத்திருக்கிறேன் என்று சொன்ன பெண்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

ஆண், பெண் நட்பைப் பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. கல்லூரி வரை அதை ஏற்றுக்கொள்கிற ஊர், கல்யாணத்துக்குப் பிறகு வாயை மூடிக்கொள்கிறது. அலுவலகத் தோழரின் நம்பரை கேஸ் ஏஜென்சி என்ற பெயரில் போனில் பதிந்து வைத்திருந்த பெண்ணை எனக்குத் தெரியும், அவர்கள் பேசியதெல்லாம் பிள்ளைகளின் படிப்பும் சர்க்கரை மாத்திரையும். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்ததை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். அவன் இறந்தபோது ஔவை பாடிய புறநானூற்றுப் பாட்டில் வருவதை மேடையில் யாரும் சொல்வதில்லை. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து குடிப்பான் என்று தொடங்குகிறாள் அவள். ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து கள் குடித்த நட்பை இரண்டாயிரம் வருடம் பாதுகாத்துப் பெருமைப்படுகிறோம், சேர்ந்து காபி குடிக்கிறவர்களைத் திரும்பிப் பார்க்கிறோம்.

உங்கள் பக்கத்தில் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் படத்தோடு வந்திருந்தார்கள். சந்தோஷம், எங்கள் உறையூரை ஆண்டவன்தான். பார்க்காமலே பழகி, நண்பன் உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்தான் என்று தெரிந்து பாண்டிய நாட்டிலிருந்து வந்து தானும் வடக்கிருந்து உயிர்விட்ட கதை பெரிய கதைதான், குறை சொல்லவில்லை. தேவந்தியை ஏன் விட்டுவிட்டீர்கள்? கண்ணகியின் தோழி. சிலப்பதிகாரத்தில் கண்ணகி கண்ட கெட்ட கனவை அவள் சொல்லிக் கேட்டவள் இவள்தான். தோழிக்கு நேர்ந்ததைக் கேள்விப்பட்டுப் புகாரிலிருந்து மதுரைக்கு வந்து, அங்கே கண்ணகிக்கு அடைக்கலம் கொடுத்த மாதரியின் மகள் ஐயையையும் சேர்த்துக்கொண்டு, வையைக் கரையோடு நடந்து, மலை ஏறி, சேர நாட்டில் கண்ணகி கோயில் வரை போய், சேர அரசன் முன்னால் நின்று நான் இன்னாரின் தோழி என்று சொன்னவள். அவளோடு போனவர்களும் பெண்கள்தான், கண்ணகியை வளர்த்த செவிலித்தாயும் இன்னொரு தோழியும். தாலி கட்டிக்கொண்ட பெண், கணவனைப் பிரிந்து வாழ்ந்த பெண், தோழிக்காக மூன்று நாடு கடந்திருக்கிறாள். நட்புக்கு இலக்கணம் என்று பட்டிமன்றத்தில் ஒருவராவது அவள் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி என் கோரிக்கைகள்.

ஆஸ்திரேலியாவில் மென்ஸ் ஷெட் என்று ஒன்று நடத்துகிறார்கள். 1990-களில் தொடங்கியது, இப்போது ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. ஒரு கொட்டகை, கொஞ்சம் தச்சுக் கருவிகள், ஒரு டீ கெட்டில். வயதான ஆண்கள் வந்து நாற்காலி ரிப்பேர் செய்வார்கள், சைக்கிள் கழற்றி மாட்டுவார்கள், கை வேலை பார்க்கும்போது வாய் தானாகத் திறந்துகொள்கிறது என்பதுதான் ஏற்பாடு. நம் ஊரில் இதற்குப் புதுக் கட்டிடம்கூட வேண்டாம். ஓய்வு பெற்ற எலக்ட்ரீஷியன்களும் ஃபிட்டர்களும் லைன்மேன்களும் பெல் நிறுவனம் இருக்கும் எங்கள் ஊரில் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் உடைந்து கிடக்கும் பெஞ்சுகளைச் சனிக்கிழமை அவர்களிடம் ஒப்படைத்துப் பாருங்கள். மனம் விட்டுப் பேச வாருங்கள் என்று கூப்பிட்டால் ஒருவரும் வரமாட்டார், பெஞ்சு ரிப்பேர் என்றால் திருப்புளியோடு வருவார்கள். 148 ஆய்வுகளை, மூன்று லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து, உறவும் நட்பும் வலுவாக இருப்பவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகம் என்று 2010-இலேயே சொல்லிவிட்டார்கள். எட்டு போட்டு நடப்பதற்குக் கொடுக்கும் முக்கியத்துவத்தில் பாதியை இதற்குக் கொடுத்தாலும் போதும்.

பெண்களுக்கு நான் கேட்பது இடமும் கழிப்பறையும்தான். எங்கள் பகுதிப் பூங்கா காலையிலும் மாலையிலும் மட்டும் திறந்திருக்கிறது. காலையில் நாங்கள் சமையலறையில் இருப்போம், மாலையில் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்துவிடுவார்கள். வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு நேரம் கிடைப்பது பதினொன்றரையிலிருந்து மூன்றரை வரை, சரியாக அந்த நேரத்தில்தான் பூங்காவுக்குப் பூட்டு. வேலைக்குப் போகிற பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை, வாரம் முழுவதும் சேர்ந்த துணி இருக்கிறது, அவள் விஷயத்தில் மாநகராட்சி எதுவும் செய்ய முடியாது, வீட்டில் இருப்பவர்தான் வாஷிங் மெஷினை ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். பூங்காவைப் பகலிலும் திறந்து, நிழலில் நாலு பெஞ்சு போட்டு, தண்ணீர் வருகிற ஒரு கழிப்பறையைச் சுத்தமாக வைத்தால் எங்களுக்கு டீக்கடைகூட வேண்டாம், பிளாஸ்க்கில் நாங்களே கொண்டுவந்துவிடுவோம். பகலில் ஏன் பூட்டுகிறீர்கள் என்று காவலாளியிடம் கேட்டேன், காதல் ஜோடிகள் வந்துவிடுகிறார்கள் என்றார். இதை மாநகராட்சி அதிகாரிகளிடம் நான் எழுதிக் கேட்டால் பதில் வராது. உங்கள் நிருபர் போய்க் கேட்டால் வரும். வந்தால் அதையும் பேப்பரில் போடுங்கள், படித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியர்,
உறையூர், திருச்சி.